நோயாளியே மதிப்பெண் போடும் தாள்: கீமோ பிரிவில் இதை யாராவது படிக்கிறார்களா?

வைகைக்கரை | சனி, காலை 9.12

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டினும், இடுப்பில் கட்டிவிடும் பம்பு வழியாக 46 மணி நேரம் ஓடும் இன்னொரு மருந்தும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன்னால் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். வலி, குமட்டல், சோர்வு, பசி, தூக்கம், மனக்கவலை என்று வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்.

அம்மா சொல்லச் சொல்ல நான் வட்டம் போடுகிறேன். எல்லாம் 0, மிஞ்சிப் போனால் 1. வீட்டுக்கு வந்தால் கதை வேறு. பிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிப்பது போல் இருக்கிறது என்கிறார். ரவிக்கைக் கொக்கி மாட்டத் தங்கையைக் கூப்பிடுகிறார். பாத எரிச்சலில் பாதி இரவு விழித்திருக்கிறார்.

நிரப்பிய தாள் கோப்புக்குள் போய்விடுகிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறார், ஸ்கேனைப் பார்க்கிறார், "எப்படி இருக்கிறீர்கள்?" என்கிறார். அம்மா "நன்றாக இருக்கிறேன்" என்கிறார். அடுத்த டோக்கன்.

இந்தத் தாளால் யாருக்காவது பயன் உண்டா? அம்மாவுக்குப் பதிலாக நானே உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாமா?

ஸ்காபுறோ தாதி | சனி, மாலை 6.40

தம்பி, தாளைப் பார்த்துவிட்டு யாராவது எழுந்து வந்தால் பயன் நிச்சயம் உண்டு. வராவிட்டால் இல்லை.

நான் ஒன்ராறியோவில் புற்றுநோய்ப் பிரிவில் தாதி. உங்கள் கையில் தந்தது பெரும்பாலும் எட்மன்டன் அளவுகோலாகத்தான் இருக்கும். 1991இல் எடுவார்டோ புரூவேராவும் அவருடன் வேலை செய்தவர்களும், குணப்படுத்த முடியாத நிலையில் வார்டில் இருந்தவர்களுக்காக அதை உருவாக்கினார்கள். ஒன்பது அறிகுறிகள், 0 முதல் 10 வரை. ஒன்ராறியோவில் 2007இல் தொடங்கி மாகாணப் புற்றுநோய் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் இதைக் கொண்டுவந்தார்கள். நோயாளி காத்திருக்கும் இடத்திலேயே தொடுதிரையில் பதில் சொல்லிவிடுவார். வைத்தியர் அவரைக் கூப்பிடும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். 4 என்றால் கேட்டுப் பார்க்க வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும். நான் முதலில் பார்ப்பது போன தடவை என்ன போட்டார், இந்தத் தடவை என்ன போட்டார் என்பதைத்தான். எப்போதும் 5 போடுகிறவர் இன்றும் 5 போட்டால் நான் பதறமாட்டேன். 1இலிருந்து 4க்குப் போனவரிடம் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

எல்லோரும் எடுத்துச் சொல்லும் ஆய்வு நியூயோர்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் நடந்தது. ஈதன் பாஷ் என்ற வைத்தியர் தலைமையில் 766 பேர், எல்லோருக்கும் பரவிய நிலைப் புற்றுநோய், கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பகுதியினர் 12 அறிகுறிகளைத் தாங்களே கணினியில் பதிவு செய்தார்கள். கடுமை என்று பதிந்தாலோ முன்னையதைவிட இரண்டு படி மோசமானாலோ தாதிக்கு மின்னஞ்சல் போகும். மற்றப் பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. பதிவு செய்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான். ஓராண்டுக்குள் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் 34 சதவீதம், மற்றப் பக்கத்தில் 41. கீமோவையும் கூடுதல் மாதங்கள் தாங்கினார்கள். 2017இல் ஆயுட்காலக் கணக்கும் வந்தது: இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26.

புது மருந்து ஒன்றுமில்லை தம்பி. கேட்டார்கள், கேட்டதற்கு ஏதாவது செய்தார்கள். அவ்வளவுதான்.

எண்கணக்கன் | சனி, இரவு 9.05

அக்கா சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அந்த ஐந்து மாதத்தை மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு திரிவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் மருத்துவப் புள்ளியியல் பக்கம் இருப்பவன், என் தொழிலே இதைக் கிளறுவதுதான்.

அது ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு, அதுவும் உலகின் வசதியான புற்றுநோய் மையங்களில் ஒன்றில். யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், மறைக்கவும் வழியில்லை. தொடங்கும்போது அளக்க நினைத்தது வாழ்க்கைத் தரத்தை. ஆயுள் கணக்கு பின்னால் வந்தது.

அதே பாஷ் குழு அடுத்து அமெரிக்காவில் 52 சாதாரணச் சிகிச்சை நிலையங்களில் 1,191 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தது. வாரம் ஒரு முறை இணையத்திலோ தானியங்கித் தொலைபேசியிலோ பதில் சொல்ல வேண்டும். 2022இல் வந்த முடிவில் உடல் செயல்பாடு, அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் மூன்றும் மேம்பட்டிருந்தன. பிறகு ஆயுட்கால முடிவும் வந்தது: இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அவசரப் பிரிவுக்கு முதல் முறை போவது மட்டும் கணிசமாகத் தள்ளிப்போயிருந்தது.

பிரான்சில் ஃபப்ரீஸ் தெனி நுரையீரல் புற்றுநோயில் செய்த ஆய்வை யாராவது கொண்டுவருவீர்கள், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆயுளின் இடைநிலை அளவு 22.5 மாதம், எதிரில் 14.9. பெரிய வித்தியாசம்தான். ஆனால் நூற்றுச் சொச்சம் பேர்தான், இடையிலேயே நிறுத்தப்பட்டது. அங்கே கேள்வித்தாளின் வேலையும் வேறு: நோய் திரும்புவதை ஸ்கேனுக்கு முன்பே மோப்பம் பிடிப்பது.

ஆகவே, ஆயுள் கூடும் என்று சொல்லி இதை யாரிடமும் விற்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் | ஞாயிறு, காலை 7.30

எண்கணக்கன் தம்பிக்கு ஒரு கேள்வி. வலி குறைகிறது, வாந்தி குறைகிறது, நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடுவது தள்ளிப்போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஆயுளும் கூடினால்தான் தேர்ச்சிச் சான்றிதழ் தருவீர்களா?

நான் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்துத் தேறியவன். ஏழு வாரம். மூன்றாவது வாரத்திலிருந்து எச்சில் விழுங்குவதே தண்டனை. என்னிடம் யாரும் தாள் நீட்டவில்லை. வாரம் ஒரு நாள் எடை பார்த்தார்கள். எடை இறங்கிய பிறகுதான் நான் சாப்பிடவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு அது பத்து நாள் முன்பே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது நானே நாட்குறிப்பில் வலிக்கு மதிப்பெண் போட்டுவந்தேன், வாத்தியார் புத்தி. மூன்றாவது வாரம் 8 என்று போட்ட வலிக்கு ஆறாவது வாரம் 5 என்று போட்டிருக்கிறேன். வலி குறைந்ததாக நினைவில்லை. பழகிவிட்டது. இப்படிப் போட்ட 5ஐ டாக்டர் படித்தால் என்ன நினைப்பார்?

எண்கணக்கன் | ஞாயிறு, காலை 8.15

ஐயா, வணக்கம். சான்றிதழ் எப்போதோ தந்தாகிவிட்டது. 1996இல் அமெரிக்க மருந்து ஆணையம் மைட்டோக்ஸாண்ட்ரோன் என்ற மருந்தை முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதித்தது. கனடாவில் இயன் டானக் நடத்திய 161 பேர் ஆய்வு அதற்கு முக்கிய ஆதாரம். ஸ்டீராய்டுடன் இதையும் சேர்த்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது, ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு. ஆயுள் ஒரு நாள்கூடக் கூடியதாகக் காட்ட முடியவில்லை. வலி தணிந்தது என்று சொன்னது நோயாளிதான், அந்தச் சொல்லை நம்பித்தான் அனுமதி கொடுத்தார்கள். நோயாளி சொல்வதை நான் சந்தேகப்படவில்லை, ஆயுள் கணக்கைத்தான் சந்தேகப்படுகிறேன்.

உங்கள் 8, 5 விவகாரம் எங்கள் துறையில் தீராத தலைவலி. நோயோடு பழகப் பழக மனிதருக்குள் இருக்கும் அளவுகோலே நகர்ந்துவிடுகிறது. ஆய்வுகளில் இரு குழுவிலும் அளவுகோல் ஒரேபோல நகரும் என்று நம்பிக் கடந்துவிடுகிறோம். ஒரு தனி மனிதரை வைத்துப் பார்க்கும்போது அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே "சாப்பிட முடிகிறதா, எத்தனை இட்லி?" என்று கேட்பது 5 என்ற எண்ணைவிட மேல்.

புறநோயாளி 14 | ஞாயிறு, பிற்பகல் 2.20

அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவராக இருக்கிறேன். பெயர் வேண்டாம். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியம் மூன்று வரை தலை நிமிர முடியாது. ஒருவருக்குச் சில நிமிடம். இது தெரியாமல் "டாக்டர் தாளைப் படிப்பதில்லை" என்று எழுதுவது எளிது.

ஆனாலும் எங்கள் தரப்பை நான் முழுதாகத் தாங்கிப் பேச மாட்டேன். இத்தாலியில் டி மையோ குழு மூன்று மருந்தாய்வுகளிலிருந்து 1,090 பேரின் தரவை எடுத்து, பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு ஆகிய ஆறையும் நோயாளி எப்படிச் சொன்னார், மருத்துவர் எப்படிக் குறித்தார் என்று ஒப்பிட்டது. நோயாளி இருக்கிறது என்று சொன்னதை மருத்துவர் குறிக்காமல் விட்டது எந்த அறிகுறியிலும் 40 சதவீதத்துக்குக் குறையவில்லை, சிலவற்றில் 74 சதவீதம் வரை போனது. ஒவ்வொன்றாக விசாரித்துக் குறித்தே ஆக வேண்டிய மருந்தாய்விலேயே இந்தக் கதி. என் அறை எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வைகைக்கரை தம்பிக்கு: முதலில் அந்தக் கொக்கி விஷயம். குளிர்ந்ததைத் தொட்டால் ஷாக் அடிப்பது ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில நாளில் வந்து போகும். ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாதது வேறு. அது நரம்பில் சேர்ந்துகொண்டே போகும் சேதம். மருந்தை நிறுத்திய பின்னும் சில மாதம் கூடும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. எந்த ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் இது தெரியாது. அம்மா சொன்னால்தான் உண்டு. அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே அம்மாவிடம் ஏன் 0 போடுகிறார் என்று கேளுங்கள். பதில் எனக்கு ஏறக்குறையத் தெரியும்.

நெறியாளர் | ஞாயிறு, மாலை 4.00

"கீமோ வேண்டாம், நாற்பத்தெட்டு நாள் சூரணம் போதும்" என்ற பதிவும் அதிலிருந்த கைப்பேசி எண்ணும் நீக்கப்பட்டன. அதற்கு வந்த ஒன்பது மறுமொழிகளும்தான், அவற்றில் சில சுவையாகவே இருந்தாலும்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8.50

டாக்டர், கேட்டேன். "கை மரத்துப்போகிறது என்று சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கட்டி வளரும். எரிச்சல் எனக்குத்தானே, நான் பொறுத்துக்கொள்கிறேன்" என்கிறார். பக்கத்துப் படுக்கை அம்மாள் ஒருவருக்கு அப்படி நிறுத்தினார்களாம். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

புறநோயாளி 14 | ஞாயிறு, இரவு 10.10

பத்தில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. 0 போடுவது மறதியோ சோம்பலோ இல்லை, பேரம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அவருக்கு ஏறுவது ஒரு மருந்தில்லை. நரம்பைப் பிடிப்பது ஆக்ஸாலிபிளாட்டின் மட்டும். அதைக் குறைத்து, அல்லது கொஞ்ச காலம் நிறுத்தி, 46 மணி நேரம் ஓடும் அந்த இன்னொரு மருந்தைத் தொடர்வது உலகெங்கும் உள்ள வழக்கம். பிரான்சில் இதற்கென்றே ஆய்வு செய்து, இடைவெளி விட்டவர்களுக்கும் நோய்க் கட்டுப்பாடு ஏறக்குறைய அதே அளவில் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். மறைத்து மறைத்து நடக்கவே முடியாத நிலைக்கு வந்தால்தான் நாங்கள் எல்லாவற்றையும் நிறுத்த நேரும். பக்கத்துப் படுக்கை அம்மாளுக்கு நிறுத்தியது எதை என்று யாருக்குத் தெரியும்?

எரிச்சலுக்கு டுலாக்ஸெட்டின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. சுமாராகக் கேட்கும். அதையும் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: அம்மாவுக்குப் பதில் நீங்கள் வட்டம் போடாதீர்கள். வீட்டார் போடும்போது வாந்தி, வயிற்றுப்போக்கு போலக் கண்ணுக்குத் தெரிவது ஓரளவு பொருந்தும். சோர்வு, கவலை, மனவருத்தம் என்று வந்தால் வீட்டார் பொதுவாக நோயாளியைவிடக் கூடுதலாகப் போடுகிறார்கள். தங்கள் பயத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் பார்த்ததை, "மகன் கவனித்தது" என்று கீழே தனியாக ஒரு வரி எழுதுங்கள். கொக்கி, பிரிட்ஜ், தூக்கம். அந்த ஒரு வரியை எந்த அவசரத்திலும் நான் படிப்பேன்.

கொங்கு மருமகள் | திங்கள், காலை 11.25

இங்கே எல்லோரும் நோயாளிக்குத் தனக்குப் புற்றுநோய் என்று தெரியும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். என் மாமனாருக்குத் தெரியாது. "வயிற்றில் கட்டி, கரைக்க மருந்து ஏற்றுகிறார்கள்" என்று சொல்லியிருக்கிறோம். சரியா தவறா என்று தயவுசெய்து யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அது கணவர் வீட்டார் எடுத்த முடிவு. மருத்துவமனையில் முப்பது கேள்வி கொண்ட தாள் ஒன்றைத் தந்தார்கள். அவரிடம் கொடுக்கப் பயந்து பையில் வைத்திருக்கிறேன். அதில் ஏதாவது இருக்குமா?

ஸ்காபுறோ தாதி | திங்கள், மாலை 7.00

முப்பது கேள்வி என்றால் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993இல் வெளியிட்ட தாளாக இருக்கக்கூடும். அதுதானென்றால் பயப்படாதீர்கள் தங்கச்சி. கேள்விகள் எதிலும் நோயின் பெயர் வராது. "உங்கள் உடல்நிலை அல்லது மருத்துவச் சிகிச்சை" என்றுதான் இருக்கும். நீண்ட தூரம் நடக்கச் சிரமமா, கடந்த ஒரு கிழமையில் வலி இருந்ததா, பசி இல்லையா, கவலைப்பட்டீர்களா என்ற வகை. 28 கேள்விகளுக்கு 1 முதல் 4 வரை, கடைசி இரண்டுக்கு மட்டும் 1 முதல் 7 வரை. தலைப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே அமைப்பின் பெயர் இருக்கலாம்.

அமெரிக்கர்களின் 27 கேள்வித் தாள் என்றால் கவனம். அதில் "சாவைப் பற்றிக் கவலைப்படுகிறேன்" என்று ஒரு வரி நேராகவே வரும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பாடமில்லை. விஷயம் தெரியாது என்று வீட்டார் நினைத்திருந்த நோயாளிகள் கவலைக்கான கேள்வியில் 9 போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் தனியாக நிரப்பட்டும். நீங்கள் தேநீர் வாங்க வெளியே போய்விட்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் | திங்கள், இரவு 8.20

அந்த முப்பது கேள்வித் தாளை இணையத்தில் தேடிப் படித்தேன். 28ஆவது கேள்வி: சிகிச்சையால் பணக் கஷ்டம் ஏற்பட்டதா? பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தகப்பன் இதற்கு உண்மை எழுதுவான்? காப்பீட்டுத் திட்டம் மருந்துக்குப் பணம் தரும். கூட வருபவரின் கூலி போவதையும், லாட்ஜ் வாடகையையும், இரண்டு பேர் சாப்பாட்டையும் யார் தருவார்கள்? ஒரு பயனுள்ள செய்தி: புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகும் ரயில் பயணத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை.

நிரலாளன்_ஓசூர் | செவ்வாய், காலை 10.05

இதையெல்லாம் தாளில் செய்துகொண்டிருப்பதுதான் பிரச்சினை. வாட்ஸ்ஆப்பில் வாரம் ஒரு முறை கேள்வி அனுப்பி, பதில் மோசமாக இருந்தால் மருத்துவமனைக்குத் தானாகத் தகவல் போகும்படி ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். முதியவர்களுக்குக் குரல்வழிக் கேள்வி. நண்பர்கள் இருவர் தயாராக இருக்கிறோம்.

எண்கணக்கன் | செவ்வாய், காலை 10.50

முதியவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பாஷின் முதல் ஆய்வில் கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகக் கிடைத்தது. இரண்டாவது ஆய்வில் எதிர்பார்த்த வாராந்திரப் பதில்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வந்து சேர்ந்தன. நோயாளிகள் எழுதுவார்கள்.

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒருவர் "வாந்தி, கடுமை" என்று பதிகிறார். தகவல் தானாகப் போகிறது. யாருக்கு? முதல் ஆய்வில் எச்சரிக்கை போன நான்கில் மூன்று முறை தாதி ஏதோ ஒன்று செய்தார்: தொலைபேசியில் பேசினார், மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தார், வரச் சொன்னார். அந்தத் தாதியின் சம்பளம் உங்கள் நிரலில் எந்த வரியில் வருகிறது? யாரும் திறக்காத புகார்ப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போடுவதாகிவிடும்.

நிரலாளன்_ஓசூர் | செவ்வாய், காலை 11.30

நியாயமான கேள்வி. அப்படியானால் அந்த ஆள் இல்லாத மருத்துவமனையில் இதைத் தொடங்கவே கூடாது என்கிறீர்களா?

புறநோயாளி 14 | புதன், காலை 6.15

தொடங்கலாம், சிறியதாக. எங்கள் பிரிவில் முப்பது கேள்வி நடக்காது, அதனால் மூன்றே கேள்விகளை ஊசி போடும் அறைத் தாதியிடம் கொடுத்திருக்கிறோம். போன முறைக்குப் பிறகு சாப்பாடு பாதியாகக் குறைந்ததா? பட்டன், கொக்கி, செருப்பு மாட்டச் சிரமமா? பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையா? ஆம் என்று வந்தால் கோப்பின் மேல் சிவப்பு பேனாவில் ஒரு கோடு. கோடு போட்ட கோப்பை நான் முதலில் எடுக்கிறேன். இதை யாரும் ஆய்வு செய்யவில்லை, ஆய்வு என்று சொல்லவும் மாட்டேன். எண்கணக்கன் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் மருந்தளவை மாற்றும் முடிவு இப்போது ஊசி ஏறுவதற்கு முன்பே நடக்கிறது, முன்பெல்லாம் ஏறிய பிறகு.

நிரலாளன் தம்பி உண்மையிலேயே உதவ நினைத்தால், செயலியை விடுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் கீமோ நோயாளி இரவில் கூப்பிட ஓர் எண் இருக்கிறதா, கூப்பிட்டால் எடுக்கிறார்களா என்று விசாரித்து ஒரு பட்டியல் போடுங்கள்.

கொங்கு மருமகளும் வைகைக்கரையும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கீமோ ஓடும் காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் எந்தத் தாளுக்கும் மதிப்பெண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அருகில் எந்த அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே போய், வாசலிலேயே "கீமோ நோயாளி" என்று சொல்லுங்கள், கடைசி ஊசி எந்தத் தேதி என்பதையும் சேர்த்து.

கொங்கு மருமகள் | புதன், காலை 9.40

நன்றி டாக்டர். மாமனார் முன்னால் "கீமோ" என்று சொல்ல முடியாது, அதனால் தேதியையும் மருந்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி மணிபர்சில் வைத்துவிட்டேன். தெர்மாமீட்டர் வீட்டில் இல்லை, இன்று வாங்க வேண்டும்.